உருகினால்தான் நல்ல செருப்பாம்!

கோணல்மாணலாக எழுதுகிறவள் நான். போன வாரம் சொன்னதையே மறந்துபோய் மறுபடி சொன்னாலும் சொல்வேன்… பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்த வாரம் மண்டையும் சேர்ந்து குழம்பிக் கிடக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை என் கடைக்குட்டி மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குச் சேலையும் செருப்பும் எடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒட்டன்சத்திரத்துப் பெண். போனில் அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க அத்தை. பட்டு வேண்டாங்க, தோல் செருப்பும் வேண்டாங்க. நான் வீகனுங்க.”

பால், மோர் தொடமாட்டாள் என்பது தெரியும். உடுத்துவதிலும் மாடு, பட்டுப்புழு எதன் உயிரும் போயிருக்கக் கூடாதாம். நல்ல மனசுதான். ஆனால் பட்டில்லாமல் நிச்சயதார்த்தமா? சபையில் சேலையைத் தடவிப் பார்ப்பதற்கென்றே என் நாத்தனார் வருவாளே!

சின்னாளபட்டியில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். பருத்திதான். மாம்பழ நிறம், அரக்கு பார்டர். கண்ணை எடுக்க முடியவில்லை.

செருப்புக்குப் பேகம்பூர் போனேன். அழகான ஒரு ஜோடியை எடுத்து, “இது தோலா பாய்?” என்று கேட்டேன். நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் கடைக்காரர். தீக்குச்சியைக் கிழித்து வாரின் நுனியில் காட்டினார்.

“பாருங்கம்மா, உருகுதா? அசல் தோலு!”

“உருகலையே பாய்…” என்றேன் வருத்தமாக.

“உருகாட்டி சந்தோசப்படணும்மா!”

“எனக்கு உருகுற செருப்புதான் வேணும்.”

குச்சி விரலைச் சுடும்வரை என்னையே பார்த்தார். “போலிய வித்துட்டேன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. போலிதான் வேணும்னு வந்தது நீங்கதாம்மா மொத ஆளு!”

கடையே சிரித்தது. எனக்கு முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ரெக்சினில் ஒரு ஜோடி காட்டினார். தங்க நிறக் கொக்கி, லேசாக ஹீல். சொன்னால் நம்பமாட்டீர்கள் — தோல் ஜோடியைவிட அதுதான் ஸ்டைல்!

வீட்டில் நாத்தனார் காத்திருந்தாள்.

“என்ன மதினி, வாரவளுக்கு நூல் சேலையும் ரெக்சின் செருப்புமா? எங்க அண்ணன் வீடு அம்புட்டுக் கஞ்ச வீடா? சபையில என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?”

நான் வாயே திறக்கவில்லை. என்றைக்குத்தான் திறந்திருக்கிறேன்?

மகன் போட்டோ அனுப்பினான். உடனே சிரிப்போடு வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. “செம ஸ்டைலுங்க அத்தை!” அப்பாடா என்று உட்கார்ந்தேன். அடுத்த நிமிடமே இன்னொன்று. “செருப்பு ஒட்டுன பசை எதுல செஞ்சதுங்க?”

எலும்பைக் காய்ச்சியும் பசை எடுப்பார்களாமே! பாயிடம் போன் போட்டுக் கேட்டேன். “பசையையும் கொளுத்திக் காட்டவாம்மா?” என்கிறார்.

அசல் என்றால் இவளுக்கு ஆகாது, போலி என்றால் அவளுக்கு ஆகாது. எதுதான் கௌரவம்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் போட்டோவைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சிரித்தது மட்டும் போனில் நன்றாகக் கேட்டது.

ஆகவே சேலைக்குச் சபையில் நாத்தனாரிடம் நானே வாய் திறந்து பதில் சொல்லிக்கொள்கிறேன். பசைக்கு மட்டும், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்… தயவுசெய்து, வெள்ளிக்கிழமைக்குள்!