கேட் போட்டாச்சு

தாம்பரத்தில் புதிதாகத் திறந்த காபிக் கடையில் பழைய ரயில்வே கேட்டின் சிவப்பு வெள்ளைக் கம்பைச் சுவரில் மாட்டி, கீழே ‘கேட் போட்டாச்சு’ என்று விளக்கெரிய எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தெருமுனை கேட்டில் மணி அடித்தால் சைக்கிள்கள் நிற்கும். மீன் விற்கும் கன்னியம்மா அக்கா கூடையை இறக்கி, “இன்னாமா அவசரம், கேட்டு போட்டுகீது, மீனு வாங்கினு போ” என்று ரயில் போவதற்குள் பாதிக் கூடையை விற்றுவிடுவாள். பள்ளிக்குத் தாமதமானால் “கேட் போட்டுட்டாங்க டீச்சர்” என்ற ஒரு வார்த்தை போதும். பிறகு கேட்டை எடுத்துச் சுவர் எழுப்பினார்கள். மேம்பாலம் வண்டிகளுக்கு மட்டும். அக்கா வருவது நின்றுபோனது.

“செம வைப் சார், செல்ஃபி எடுத்துக்கோங்க” என்றான் காபி கொண்டுவந்த பையன்.

“கேட் போட்டா திறப்பாங்க தம்பி. எங்களுக்குச் சுவரைப் போட்டாங்க. அதையும் இங்க மாட்டி வைங்க.”