அக்கா கொடுத்த செல்கள்

என் பெரியம்மா மகளுக்கு முப்பது வயதில் மாடிப்படி ஏறுவது சிரமமானது. நாற்பதில் சக்கர நாற்காலி வந்தது. தசைகள் மெல்ல வலுவிழக்கும் பிறவி நோய். தென்காசியில் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. அக்காவுக்காகத்தான் அந்த நோயை ஆராயப் போனேன் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு இடம் கிடைத்தது அந்த ஆய்வகத்தில்தான். அவளுடைய நோயின் பெயரையே அங்கே போய்த்தான் படித்தேன்.

டாக்டரைப் பார்க்கப் பெங்களூர் வந்தபோது, படிவத்தை முழுக்க வாசித்துக் கையெழுத்துப் போட்டு, மிளகளவு தோல் கொடுத்தாள். அதிலிருந்து செல்களை வளர்த்தோம். செல்லின் உட்கருவைச் சுவர்போலத் தாங்கும் ஒரு புரதம் உண்டு. அதோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தைச் சேர்த்துவிட்டு, லேசரால் ஒரு புள்ளியில் மட்டும் ஒளியை அணைப்போம். அணைந்தது மறுபடி ஒளிராது. அந்த இடம் திரும்பப் பச்சையானால், பக்கத்திலிருந்த மூலக்கூறுகள் நகர்ந்து வந்திருக்கின்றன என்று பொருள். நல்ல செல்லில் அந்தப் புள்ளி மணிக்கணக்காகக் கறுப்பாகவே கிடக்கும். அக்காவின் செல்லில் சில நிமிடங்களிலேயே ஓரங்கள் பச்சையாகத் தொடங்கின. பச்சை திரும்பும் வேகத்துக்கு அழகான வரைபடம் கிடைத்ததென்று துள்ளிக் குதித்தேன். அது யாருடைய செல் என்று நினைவு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாரல் நாளில் ஊருக்குப் போனேன். அக்காவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போய், பேரருவியின் துளி வந்து படும் தூரத்தில் நாற்காலியை நிறுத்தி, செல்போனில் அவளுடைய செல்லை எடுத்த வீடியோவைக் காட்டினேன். திரையை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"உசுரோட இருக்கா இது?"

"படம் எடுக்கும்போது உயிரோடதான் இருந்துச்சுக்கா. கறுப்புக்குள்ள பச்சை வருது பாரு. வரக்கூடாது. அது அசையாம நிக்கணும்."

"நல்லாருக்கே! இங்கன நான் ஒரு எட்டு வைக்க முடியாம கெடக்கேன், உள்ள அது ஓடியாடித் திரியுதாக்கும்?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏட்டி, இத வச்சு மருந்து வருமா?"

"இப்போதைக்கு இல்லக்கா. எப்ப வரும்னும் எனக்குத் தெரியல."

குளித்துவிட்டு வரும் பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நான் நடக்காம சோம்பேறியா இருந்ததால இப்படி ஆகல. அப்படித்தானே?"

இத்தனை வருடம் இந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறாள். மாடிப்படி ஏறச் சிரமப்படத் தொடங்கியபோது மாமியார் சொன்ன வார்த்தை அது.

"இல்லவே இல்லக்கா. பிறக்கும்போதே இருந்த குறை. நீ ஓடியிருந்தாலும் இதுதான்."

"அப்ப இத எனக்கு அனுப்பு."

அங்கேயே, மாமியாரும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டாள். கீழே என்னை எழுதச் சொல்லாமல், தானே நான்கு வரியில் விளக்கமும் எழுதினாள். டியூஷன் டீச்சர் அல்லவா, என்னைவிடத் தெளிவாகவே இருந்தது.

ஒரு வாரம் கழித்து போன் செய்தாள். மாமியார் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லையாம். ஆனால் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களை வரை கேட்டிருக்கிறது.

"அவளுக்கு உடம்புக்குள்ள செவரு நிக்க மாட்டேங்குதாம். அவ என்ன செய்வா, பாவம்."

இதைச் சொல்லிவிட்டு அக்கா அழுதாள். நான் லைனில் இருந்தேன், அவள் முடிக்கும்வரை.