எழுபத்தைந்தில் நாற்பத்திரண்டு

போன திங்கட்கிழமை, உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டேன்.

பயப்படாதீர்கள். கேஸ் எதுவும் இல்லை. இறந்தவருக்கே விஷயம் தெரியாது. அவர் ஏதோ ஒரு வெளிநாட்டில், எழுபதைத் தாண்டிய வயதில், தோளில் எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு மேடையில் குதித்துக்கொண்டிருக்கிறார். நூறாண்டு இருக்கட்டும்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், 'அவரை விட இவர்தான் பெரிய கிடாரிஸ்ட்' என்று உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். மீதிப் பேர் 'யாருங்க அது?' என்பீர்கள். இரண்டையுமே என்னால் தாங்க முடியாது.

என் கிறுக்கு இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ராக் இசைக்கலைஞர்களை வைத்து ஓவியர்கள் வரையும் படங்களின் லிமிடெட் எடிஷன் பிரிண்ட்டுகளைச் சேர்க்கிறேன். என் மனைவி வசந்தியின் மொழியில் சொன்னால்... 'சுருட்டி வெச்ச பேப்பரு'.

லிமிடெட் எடிஷன் என்றால் என்ன? ஓவியர் ஒரு படத்தை எழுபத்தைந்து பிரதிகள் மட்டும் அச்சிடுவார். ஒவ்வொன்றின் அடியிலும், படத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளை மார்ஜினில், தன் கைப்படப் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுவார். 42/75 என்றால் எழுபத்தைந்தில் நாற்பத்திரண்டாவது பிரதி. அதற்குமேல் ஒன்றுகூட அச்சாகாது. உலகத்திலேயே எழுபத்தைந்து பேரிடம் மட்டும் இருக்கிற படம். அதில் ஒருவர் பெரம்பலூர் துறைமங்கலத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார் என்றால், அவருக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றாதா?

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. எல்லாம் அந்தப் பென்சில் வரியில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் படம் வெறும் போஸ்டர். சலூன் சுவரில் ஒட்டலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் எனக்கு வேலை. என் முதல் பிரிண்ட்டை அங்கேயே ஒரு கடையில் ஃபிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கீழ வெள்ளையா வேஸ்ட்டா கெடந்துச்சு சார். யாரோ கிறுக்கி வேற வெச்சிருந்தாங்க. நீட்டா வெட்டி வுட்டுட்டேன்."

அவரைத் திட்டவும் முடியாது. சாமி படங்கள் எல்லாமே அடியில் அச்சகத்தின் பெயரோடுதான் வரும். அதை பிளேடால் வெட்டி, ரெடிமேட் சைஸுக்குள் அடக்குவதுதான் தொழில் சுத்தம். நான் அவர் கடைக் குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தேன். டீ கப்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த பத்துப் படங்களும் அட்டைக் குழாய்க்குள்ளேயே, பீரோவின் மேலேயே, தூங்கின. 'பாக்கறதுக்கே பயந்துகிட்டு எதுக்குங்க வாங்குறீங்க?' என்று வசந்தி கேட்பாள்.

இந்த 42/75 வந்ததும்தான் நிலைமை மாறியது. மூன்று வருடமாக நான் துரத்திய படம் அது. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, தோளில் புரளும் முடியோடு கிடாரை வாசிக்கும் அந்த மனிதர். பின்னால் முழுக்க மஞ்சள். குழாயிலிருந்து உருவி விரித்தபோது வசந்தி வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத மட்டுமாவது ஹால்ல மாட்டுங்க. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு."

இத்தனை வருடத்தில் என் கிறுக்குக்குக் கிடைத்த முதல் பாராட்டு. விடுவேனா?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழக்கமான பாய் ஒருவர் ஃபிரேம் கடை வைத்திருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கடை திறந்திருக்காது. திங்கட்கிழமை வசந்தி சிறுவாச்சூர் கோயிலுக்குப் போவாள். திங்களும் வெள்ளியும்தானே அங்கே நடை திறப்பு? போகிற வழியில் அவளே கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. 'மார்ஜினை வெட்டக் கூடாதுன்னு சொல்லணும்' என்று மூன்று தடவை படித்துப் படித்துச் சொன்னேன்.

மதியம் போன் செய்தாள்.

"பாய்கிட்ட குடுத்துட்டேங்க. 'இது எங்க வூட்டுக்காரருக்கு ரொம்ப வேண்டியவரு படம், பாத்துப் பண்ணுங்க பாய்'னு சொல்லிட்டேன். சாயங்காலமே ரெடி ஆயிடுமாம்."

"மார்ஜின்?"

"எந்த மார்ஜின்? ... அய்யய்யோ!"

"ஒடனே கடைக்குப் போ!"

"நான் சிறுவாச்சூர்ல கியூவுல நிக்கிறேங்க. கூட்டம் நெரியுது. சரி... மார்ஜினுக்கும் சேத்து வேண்டிக்கிறேன். வெச்சுடட்டா?"

வைத்துவிட்டாள்.

பாயின் நம்பரை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. மேலதிகாரியிடம் வயிற்று வலி என்று பர்மிஷன் போட்டேன். பஸ்ஸுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி ஊர்ந்தன. டிரைவரோ ஒரு லாரியைக்கூட முந்துவதில்லை என்று சபதம் எடுத்தவர் மாதிரி இருந்தார். பாயின் பிளேடு இப்போது எந்த ஓரத்தில் இருக்கும்?

கடைக்குள் நுழைந்தபோது பாய் அப்போதுதான் அஸர் தொழுகை முடித்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார்.

"வாங்க சார்... உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"பாய், படத்த வெட்டிட்டீங்களா?"

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"முப்பத்திமூணு வயசு... போற வயசா சார் அது?"

யார் போனது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஃபிரேமை இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

நல்ல தேக்கு நிற ஃபிரேம். அதில் சந்தன மாலை. மேலே குட்டி சிவப்பு பல்பு. கீழே தங்க நிறப் பட்டை. அதில் பாயின் முத்து முத்தான கையெழுத்து:

தோற்றம் 1942 — மறைவு 1975.

ஒரு நிமிடம் விழித்தேன். பிறகு உறைத்தது. 42/75! பென்சிலால் எழுதிய அந்த எண்ணைப் பிறந்த வருடம், இறந்த வருடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். 'ரொம்ப வேண்டியவரு' என்று வசந்தி வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஃபிரேம் கடையில் அந்த வார்த்தைக்கு வேறு என்ன அர்த்தம்?

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அப்போதுதான் கண்ணாடிக்குள்ளே பார்த்தேன். மஞ்சளுக்குக் கீழே இரண்டு விரல்கடை வெள்ளை மார்ஜின். அதில் எண். பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து. ஒரு இழைகூடக் குறையவில்லை.

"பாய்... நீங்க கீழ வெட்டலையா?"

"சாமி படம்னா வெட்டுவேன் சார், அச்சாபீஸ் பேருதானே இருக்கும். இதுல யாரோ வூட்டாளுங்க கையால பேரும் வருசமும் எழுதி வெச்சிருக்காங்க. மௌத்தாப் போனவங்க பேருல எப்படி சார் பிளேடு வெக்கிறது? கைல இருந்த ஃபிரேமு பத்தல. அதான் புதுசா பெருசா அடிச்சேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே கலங்கிவிட்டது. பாய் அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"அல்லாகிட்ட அவருக்காக துஆ செய்றேன் சார். மாலையும் பல்பும் நம்ம அன்பளிப்பு. பேருதான் என்னன்னு படிக்க முடியல, எடம் வுட்டு வெச்சிருக்கேன். சொன்னீங்கன்னா இப்பவே எழுதிடுறேன்."

"இருக்கட்டும் பாய்... அப்புறமா சொல்றேன்."

ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை? ஒரு மனிதர் முகம் தெரியாத ஒருவருக்காக அரை நாள் வருத்தப்பட்டிருக்கிறார். அவருக்காகப் புது ஃபிரேம் அடித்திருக்கிறார். அவரிடம், 'அதெல்லாம் இல்ல பாய், இவரு நல்லாத்தான் இருக்காரு, போன மாசம்கூடக் கச்சேரி பண்ணாரு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?

வீட்டில் வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஆயுசு கெட்டிங்க அவருக்கு' என்றாள். மார்ஜின் தப்பித்தது தன் வேண்டுதலால்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாலையைக் கழற்றிவிட்டோம். பல்பையும். பட்டையை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. வியாழக்கிழமை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அவளுடைய அண்ணன், அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். அவரையும் தடுக்கவில்லை.

இவ்வளவு நாளாக என் படங்களின் அருமை தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை என்று ஒரு மனக்குறை. எண் என்றால் என்ன, எடிஷன் என்றால் என்ன என்று கேட்க ஆள் இல்லை. இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எண்ணின் அர்த்தம் தெரிந்த நான் பயந்துபோய்ப் பீரோ மேல் போட்டு வைத்திருந்தேன். தெரியாத பாய், அதன்மேல் பிளேடு படாமல் காப்பாற்றிக் கொடுத்தார். காலையில் காபி குடிக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன். மஞ்சளில் வெயில் விழுகிறது. மனசு நிறைந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். 'மத்த படத்தையும் மாட்டிடுங்க. பாய்கிட்டயே குடுங்க, அவருதான் வெட்ட மாட்டாரு' என்று வசந்தி உத்தரவு போட்டுவிட்டாள். அடுத்த படத்தையும் அவளே எடுத்து வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் பிளேடு வந்துவிடுமோ என்று பயம். சொல்லாமல் கொடுக்கலாம் என்று பார்த்தால், அந்தப் படத்தின் எண் 88/90.

பாய் கணக்கில் இரண்டே வயசு. படத்தில் இருக்கும் டிரம்மருக்கோ இடுப்பு வரை தாடி!