முக்காடும் பாஸ்போர்ட் சைஸும்

படம் எடுப்பது என் தொழில், எடுத்த படத்தைக் கையில் வாங்கி, "ஐயோ, இது நானா?" என்று அலறுவது உங்கள் தொழில். உங்கள் கைப்பையிலும் அப்படி ஓர் அடையாள அட்டை இருக்கும். ஒரு தடவை எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

நெல்லித்தோப்பில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எடுப்பவள் பெண் என்பதால் அரியாங்குப்பத்திலிருந்தும் கோரிமேட்டிலிருந்தும் கூட முஸ்லிம் பெண்கள் தேடி வருவார்கள். நானும் அவர்களில் ஒருத்திதான். முந்தானையை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு கேமரா பிடிப்பவள். கல்லூரியில் தமிழ் படித்து, கவிதை எழுதிக்கொண்டு திரிந்தேன். கணவர் தவறிப்போன பிறகு அவருடைய கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றேன். கவிதை எங்கோ நின்றுபோயிற்று. ஒரு முகத்தில் வெளிச்சம் வந்து உட்காரும் நொடிக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன். அதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

மெரூன் ஷால்

பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னணி வெள்ளை. வருகிறவர்களில் பாதிப்பேர் படம் எடுக்கப் போகிறோமே என்று நல்ல வெள்ளை ஷாலாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். வெள்ளையில் வெள்ளை கரைந்து, முகம் மட்டும் பகல் நிலா மாதிரி மிதக்கும். கம்ப்யூட்டர் அதைத் தலை என்றே ஒப்புக்கொள்ளாது. அதற்காக ஒரு மெரூன் ஷால் வாங்கி ஆணியில் மாட்டி வைத்தேன். யார் வந்தாலும் அதை எடுத்துச் சுற்றிக்கொள்வார்கள். நானும் துவைத்துத் துவைத்து மாட்டுவேன்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் படத்துக்காக வந்தாள். ஆணியில் தொங்கிய ஷாலைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "அட, இதுதானா அது! எங்க பேங்க் பாஸ்புக் படத்துல பாதி லேடீஸ் இந்தத் துணியிலதாம்மா இருக்காங்க. எல்லாரும் ஒரே வீட்டுப் பொண்ணுங்கன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

வெறுந்தலை

சபீனாவை அவளுடைய மாமியார் அழைத்துக்கொண்டு வந்தார். மாமியார் பழைய சொல்தா குடும்பம். அதாவது, அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரீஸ் பக்கம் வேலை. கல்யாணமாகிப் பத்து மாதமாக அவன் அங்கே, சபீனா இங்கே. விசாவுக்குப் படம் வேண்டும். அந்த நாட்டு விதிப்படி படத்தில் தலை மூடியிருக்கக் கூடாது. சபீனாவோ பன்னிரண்டு வயதிலிருந்து வெளி ஆள் முன்னால் தலையைத் திறந்ததில்லை. படம் எடுத்தால்தான் பயணம்.

"முன்னாடி கொஞ்சம் முடி தெரியிற மாதிரி கட்டினா ஒத்துக்க மாட்டாங்களா மாமி?"

"அவன் என்ன கத்திரிக்காயா விக்கிறான், பேரம் பேச? மெர்சி மதாம்னு தேங்க்ஸ் சொல்லியே திருப்பி அனுப்பிடுவான்."

"யாரு பாப்பாங்க அதை?"

"ஆபீஸ்ல ஒருத்தன் பாப்பான். நாள் முழுக்க மூஞ்சி பாக்கிறவன். உன் முடியைப் பாத்து மயங்கி விழப்போறானா?"

சபீனா சிரிக்கவில்லை. "ஒருத்தன்னாலும் ஒருத்தன்தானே மாமி" என்றாள்.

திரையை இழுத்து விட்டேன். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் அடுக்கினாள். டாக்டரிடம் கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்தாள். பின்னணி வெளிர் சாம்பல், வாய் மூடி, பார்வை நேரே. மூன்று முறை எடுத்தேன். கம்ப்யூட்டரில் பார் என்றதற்கு, "நீங்களே பாத்துக்குங்க ஆன்ட்டி" என்று சுவரைப் பார்த்தாள். அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அவள் கண் முன்னாலேயே படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். எங்கள் பெண்களுக்கு நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். அவள் கடைசி ஊசியைக் குத்துவதற்குள் திரைக்குள் ஒரு தலை நீண்டது. "முடிஞ்சிதா இல்லையா? ரத்தம் எடுக்கக்கூட இவ்ளோ நேரம் ஆவாதே!"

வெளியே நின்ற கணவர்

அடுத்த வாரம் ஸ்கூட்டர் லைசென்ஸ் படத்துக்காக ஒரு தம்பதி வந்தார்கள். கணவரைத் திரைக்கு வெளியே, வாசலில் நிறுத்தினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் உத்தரவு மட்டும் நிற்கவில்லை. "நெத்தி தெரியுது பாரு, இழுத்து விடு!" "காதோரம் முடி வந்திருக்கும், உள்ள தள்ளு!" "சிரிக்காத!"

மனைவி ஷாலைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அழகாகக் குழி விழுந்தது, சட்டென்று எடுத்துவிட்டேன். வெளியிலிருந்து அடுத்த உத்தரவு வருவதற்குள் அவள் குரல் கொடுத்தாள். "இது என் தலைங்க. உங்க தலை வெளிய வெயில்ல காயுது, மொதல்ல அதைப் பாருங்க!"

கைப் பழக்கம்

மூன்று வாரம் கழித்து சபீனாவின் மாமியார் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். விண்ணப்பம் திரும்பிவிட்டது. படத்தில் கைவைத்துத் திருத்தியிருக்கிறார்கள், புதிதாக எடுத்து அனுப்பவும் என்று எழுதியிருந்தது. நான் எதையும் திருத்தவில்லை என்று சத்தியமே செய்திருப்பேன். ஒட்டியிருந்த படத்தை உற்றுப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

ஷால் கட்டிய பெண்களுக்கு நெற்றியோரம் ஓரிரு முடி நழுவி வந்து நிற்கும். "அதை எடுத்துடுங்க ஆன்ட்டி" என்பார்கள். எத்தனையோ வருடமாக எடுத்து எடுத்து, இப்போது யாரும் சொல்லாமலே கை அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. சபீனாவின் படத்திலும் போயிருக்கிறது. நெற்றிப்பொட்டில் சுருண்டிருந்த முடியைத் துடைத்திருக்கிறேன். அந்த இடம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. என் கை செய்த வேலையால் அந்தப் பெண் இன்னொரு முறை ஊசிகளைக் கழற்ற வேண்டும். வரமாட்டாளோ என்ற பயம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தலை மொத்தமும் தொறந்து கெடக்கு, அதுல ரெண்டு முடியை மறைச்சிருக்கியேம்மா, உனக்கு மெடல்தான் குத்தணும்!"

இரண்டாவது முறை

பத்து நாள் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அந்தப் பத்து நாளும் மற்றவர்கள் நெற்றியில் விழுந்த முடியை நான் தொடவே இல்லை; கேட்டவர்களிடம்கூட முடியாது என்று சொல்லிவிட்டேன். பதினோராம் நாள் காலையில் சபீனா வந்தாள். தனியாக வந்தாள்.

"மாமி வரலையா?"

"வரேன்னுதான் நின்னாங்க. நான் வேணாம்னுட்டேன்."

முக்காலியில் உட்கார்ந்து அவளே சொன்னாள். படம் திரும்பி வந்ததும் கணவனுக்குப் போன் செய்து, இனி எடுக்க மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவன் கோபப்படவில்லை. உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடு, வருஷத்துக்கு ஒருதரம் நான் வந்துட்டுப் போறேன் என்றானாம். "இதுவரைக்கும் மாமி எடுன்னாங்க, எங்கம்மா எடுக்காதன்னாங்க ஆன்ட்டி. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு விட்டுடுன்னதும்தான் யோசிக்கவே எடம் கெடச்சிது. யோசிச்சா, எனக்குப் போவணும்னு இருக்கு."

"அங்கே போய்?"

"ஏர்போர்ட்ல எறங்கறப்பவே கட்டிக்கிட்டுத்தான் எறங்குவேன். படம் அவங்க கேட்டதுக்கு."

ஊசிகளை இந்தத் தடவை எண்ணி அடுக்கவில்லை; மடியில் போட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். முழுதாகக் காயாத முடி முதுகில் விழுந்து முக்காலியின் விளிம்பைத் தொட்டது. பின்னால் தள்ளி விட்டுக்கொண்டு நேராகப் பார்த்தாள். இரண்டே தடவைதான் எடுத்தேன்.

கம்ப்யூட்டர் பக்கம் நான் திரும்புவதற்குள் அவளே எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். தெருவில் ஒரு பஸ் போய், இன்னொரு பஸ்ஸும் போயிற்று. பழக்கம் விடுமா? என் கை தன்னால் மௌஸை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க ஆன்ட்டி, இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு."

விசாவுக்கு வேண்டியதை அச்சடித்தேன். இன்னும் ஒன்று பெரிதாக வேண்டும் என்றாள். அஞ்சலட்டை அளவுக்குப் போட்டுக் கொடுத்தேன். கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு நிதானமாகத் தலையைச் சுற்றி ஷாலைக் கட்டி ஊசிகளைக் குத்தினாள். வழக்கப்படி கம்ப்யூட்டரிலிருந்து படத்தை அழித்துக் காட்டினேன். கணவருக்குக் கொண்டுபோகிறாளாக்கும் என்று எண்ணி, அவருக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். திரையை விலக்கிய கையோடு நின்று திரும்பினாள். "அவருக்கு இல்ல ஆன்ட்டி. பன்னெண்டு வயசுக்கு அப்புறம் இப்படி ஒரு படமே இல்ல எங்கிட்ட. இது நான் வெச்சிக்க."

விசா வந்துவிட்டது என்று மாமியார்தான் வந்து சொன்னார், கூடவே ஒரு டப்பா நிறையப் பிரியாணியும் கொண்டு வந்தார்.

ஒரு பெண்ணின் தலைமேல் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று சொல்ல உள்ளூரிலும் வெளிநாட்டிலும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முக்காலியில் ஏறி அசையாமல் உட்கார மட்டும் அவளைத் தவிர வேறு யாரும் வந்ததாக எனக்கு நினைவில்லை.