பதினொரு வாழ்த்துரையும் நாலாம் தீடையும்

எண்பது பக்கப் புத்தகம். தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம், பொருளடக்கம் என்று முதல் நான்கு பக்கம். அடுத்த பத்தொன்பது பக்கத்தில் பதினொரு பேரின் வாழ்த்து. மிச்சம் ஐம்பத்தேழு பக்கம்தான் அதை எழுதிய பெண்ணுக்கு. அவருடைய என்னுரைக்கு இடமில்லை. ஒன்பதாவது கதைக்கும் இடமில்லை. அந்த ஒன்பதாவது கதைக்காகத்தான் அவர் பேனையையே கையில் எடுத்தார்.

இப்படியொரு அச்சுப்படி 2023 ஒக்ரோபர் 3ஆம் திகதி மன்னார் நகரத்து அச்சகமொன்றில் தயாராக இருந்தது. அடுத்த நாள் அதை என் கண்ணால் கண்டேன். முதற் புத்தகம் போட ஆசைப்படுகிறவர்கள் ஏமாறாமல் இருப்பதற்காக, நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

ஜெனிஸ்ரா கீரிக் கிராமத்தைச் சேர்ந்தவர். அப்போது வயது முப்பத்தாறு. நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை நின்ற நிலை. 2006 ஆகஸ்ட் 29ஆம் திகதி, பத்தொன்பது வயதில், தமையனோடு தலைமன்னாரில் படகேறினார். படகில் பதினாலு பேர். இந்தியக் கரை வந்துவிட்டது என்று சொல்லிப் படகோட்டி எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். இரண்டு நாட்டுக்கும் நடுவில் வரிசையாகக் கிடக்கும் மணல்மேடுகளைத் தீடை என்போம். அவர்கள் நின்றது நாலாம் தீடை. நிழலில்லை, தண்ணீரில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் றோசம்மா என்ற பெண் இறந்தார். கையால் மணலைத் தோண்டிப் புதைத்தார்கள். மூன்றாம் நாள் இந்திய மீனவர்கள் கண்டு மற்றப் பதின்மூன்று பேரையும் ஏற்றிச் சென்றார்கள்.

றோசம்மாவின் கணவர் வின்சன்ட் அடுத்த படகில் வருவதாக இருந்தவர். அந்தப் படகு புறப்படவேயில்லை. சண்டை முடிந்தபின் அவர் மரணச் சான்றிதழ் கேட்டு என் கந்தோருக்கு நாலு தரம் வந்தார். நான் அப்போது பிறப்பு இறப்புப் பதிவாளர். உடல் இல்லை. கண்ட சாட்சிகள் தமிழ்நாட்டு முகாமில். இறந்த இடம் என்ற கட்டத்தில் எழுத எந்தப் பிரிவின் பெயரும் இல்லை. முடியாது என்று நாலு தரமும் சொன்னவன் நான்தான்.

2012இல் ஜெனிஸ்ரா மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்தார். உயிலங்குளத்தில் வயல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வின்சன்டைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொன்னார். "இதை எழுதி வைக்கப்போறன் அண்ணை" என்றும் சொன்னார். எழுதினார். தடித்த அட்டை போட்ட நாலு சீஆர் கொப்பிகள், ஐந்து வருடம், ஒன்பது கதைகள். கடைசிக் கதை 'நாலாம் தீடை'. பதினாலு பேரின் பெயர், வயது, ஊர், யார் கடைசியாகத் தண்ணீர் குடித்தது, யார் யாருக்கு விட்டுக்கொடுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. றோசம்மா இறந்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே எழுத்து அது.

2022 பெப்ரவரியில் அந்தக் கொப்பிகளை அவர் ஓர் இலக்கிய வட்டத்தின் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் செபஸ்தியாம்பிள்ளை, ஓய்வுபெற்ற அதிபர். வட்டத்தின் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் கொடுக்க மாட்டேன். தலைவர் அவரிடம் மூன்று விடயம் சொன்னார். சங்கம் ஒன்று இல்லாமல் தனியாளுக்கு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் எண் கிடைக்காது. வாழ்த்துரை இல்லாத புத்தகத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். கொப்பிகள் தன் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்.

முதலாவது பொய். அந்த எண்ணுக்கு எழுதியவரே கொழும்பிலுள்ள தேசிய நூலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு படிவம், அவ்வளவுதான். இரண்டாவது, வாழ்த்துரை எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் சொல்லாத கதை. மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

அணிந்துரை எழுத ஒப்புக்கொண்டவர் எட்டு மாதம் எடுத்தார். அவரைக் கேட்டதால் இன்னொருவர் கோபிப்பார் என்று அவரையும் கேட்டார்கள். முதற்பிரதி வாங்கப்போகும் கடை முதலாளியைக் கேட்காமல் விட முடியுமா? அவரைக் கேட்டால் அவருடைய சங்கத்துச் செயலாளர்? இப்படியே பதினொரு பேர். ஒவ்வொருவரும் படத்தோடு. தலைவரின் உரை மட்டும் நாலு பக்கம்.

ஒக்ரோபர் 3, செவ்வாய்க்கிழமை, அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் அஸீபா ஜெனிஸ்ராவுக்குத் தொலைபேசியெடுத்தார். சிலாவத்துறைப் பெண்.

"அக்கா, உங்கட கடைசிக் கதைய எடுக்கச் சொல்லிட்டுப் போறாரு செபஸ்தியாம்பிள்ளை சேர். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. வெளியீட்டு விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அழைப்பிதழும் அடித்தாயிற்று.

அடுத்த நாள் ஜெனிஸ்ரா அரைநாள் லீவு போட்டார். அச்சுப் பிழை பார்த்துத் தரும்படி ஏற்கெனவே கேட்டிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். முதலாளி கொலின்ஸ் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"ஒரு பாரம் எண்டால் பதினாறு பக்கம். அஞ்சு பாரத்துக்கு எண்பது. எண்பத்தோராம் பக்கம் வந்தால் ஆறாம் பாரம் ஓட வேணும். வட்டம் தந்த ஓடர் அஞ்சுக்கு. வாழ்த்து கூடிப்போச்சு, கதையைக் குறைச்சவை. நான் என்ன செய்யிறது தங்கச்சி?"

"காசு தந்தது நானெல்லோ?"

"வேலைச் சீட்டு அவையின்ர பேரில. சீட்டில ஆற்ற பேரோ அவையின்ர சொல்லைத்தான் நான் கேக்கலாம்."

அந்த வாழ்த்துரைகளை நான் அங்கேயே நின்று ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒருவர் 'கவிதாயினியின் கவிதைகள் நெஞ்சை அள்ளுகின்றன' என்று எழுதியிருந்தார். புத்தகத்தில் ஒரு கவிதையும் இல்லை. இன்னொருவர் 'நண்பர் றொட்னியின் இக்கன்னி முயற்சி' என்று தொடங்கியிருந்தார்.

"ஆர் இந்த றொட்னி?" என்று ஜெனிஸ்ரா கேட்டார்.

"போன வருசம் புத்தகம் போட்டவரு" என்றார் அஸீபா. "அவருக்கு எழுதினத அப்படியே அனுப்பிட்டாங்க. பேர மாத்தவா எண்டு சேரக் கேட்டன். பெரியாக்கள் எழுதினதத் தொடாத பிள்ள எண்டாரு."

பிழையான பெயரைத் தொடக்கூடாது. பதின்மூன்று பக்கத்தை வெட்டலாம். இதுதான் எங்கள் மாவட்டத்தில் நடக்கும் இலக்கியத் தொண்டு.

வியாழக்கிழமை மூவரும் தலைவர் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது ஆள் வின்சன்ட். செய்தி கேட்டு உயிலங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தலைவர் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தார்.

"பிள்ளை, கதை எங்கயும் ஓடிப் போகாது. ரெண்டாம் பதிப்பில போடுவம்."

"நூறு பிரதி வித்தாலே பெரிய காரியம் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள். ரெண்டாம் பதிப்பு எங்க வரப்போகுது?"

"அதுவும் அந்தக் கதையில வெறும் பேரும் வயசும்தானே கிடக்கு. கதையம்சம் இல்லை. அணிந்துரைக்காரரும் அதைத்தான் சொன்னவர்."

"றோசம்மாக்கா கதையம்சத்தோட சாகேல்லை சேர்."

தலைவருக்கு முகம் கறுத்தது. "வாய் கூடிப்போச்சு உமக்கு. பின்னட்டையில உம்மட படத்தைப் பெரிசாப் போட்டிருக்கிறம். வேற என்ன வேணும்?"

"என்ர முகம் ஏன் சேர்? நண்டுக் கொம்பனி ஜெனி எண்டால் கீரியில நாயும் வாலாட்டும். வாழ்த்தைக் குறையுங்கோ. ஆளுக்கு நாலு வரி போதும்."

"எழுதித் தந்த பெரிய மனுசரிட்டப் போய் நான் என்ன சொல்லுறது? அவையை அவமதிக்கேலுமோ?"

அதுவரை வாசற்படியருகில் நின்ற வின்சன்ட் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஐயா, வாழ்த்து எழுதின பதினொரு பேரும் உயிரோடதானே இருக்கினம்? அவைக்கு வேற புத்தகம் கிடைக்கும்."

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவர் ஆர்?" என்று என்னைக் கேட்டார். வின்சன்ட் என்றேன். "எந்த வின்சன்ட்?" என்றார். அந்தக் கதையை அவர் ஒருபோதும் வாசிக்கவில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது. வின்சன்டின் பெயர் கதையின் முதற் பக்கத்தில் இருக்கிறது. இருபது மாதம் அலுமாரியில் வைத்திருந்து, வாசிக்காத ஒன்றுக்குக் கதையம்சம் இல்லை என்று தீர்ப்புச் சொன்ன மனிதர்.

ஜெனிஸ்ரா எழுந்தார். "என்ர கொப்பியளைத் தாங்கோ சேர். விழா வேண்டாம்."

"அழைப்பிதழ் போட்டாச்சு!"

"அதில என்ர பேர் சின்னனாத்தான் கிடக்கு. ஆரும் கவனிக்காயினம்."

அலுமாரியிலிருந்து மூன்று கொப்பிகள் வந்தன. நாலாவது இல்லை. யாரோ வாசிக்கக் கொண்டு போய்விட்டார்களாம். யார் என்று ஞாபகம் இல்லையாம். நாலாவது கொப்பியில்தான் 'நாலாம் தீடை' இருந்தது. வேறு பிரதி கிடையாது.

புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரே கையெழுத்துப் பிரதியை எவருக்கும் கொடுக்காதீர்கள். பாதிரியாருக்கும் கொடுக்காதீர்கள். படம் பிடித்தாவது வையுங்கள். கொடுத்த திகதியை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஜெனிஸ்ரா கையொப்பம் கேட்கக் கூச்சப்பட்டார். பெரிய மனிதரிடம் கையொப்பம் கேட்பது மரியாதையில்லை என்று எங்களுக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மரியாதையால் ஒரு பெண்ணின் சாவு இரண்டாம் முறையும் பதியப்படாமல் போகப் பார்த்தது.

நேரே அச்சகத்துக்குப் போனோம். கணினியில் உள்ள கதையின் கோப்பைத் தர முடியாது, வேலை தந்தவர்களுடையது என்றார் கொலின்ஸ். அஸீபா கணினியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"முதலாளி, வெட்டின பக்கம் குப்பைக்குத்தானே?"

கொலின்ஸ் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "குப்பையை ஆர் அள்ளிக்கொண்டு போனாலும் நான் கேக்கிறேல்ல."

பதின்மூன்று தாள்கள். அஸீபா முதல் நாளே அச்செடுத்து மேசை லாச்சியில் வைத்திருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. ஜெனிஸ்ரா ஒன்பது கதைகளையும் தன் கைத்தொலைபேசியில் முதலிலிருந்து தட்டெழுதினார். நண்டு ஓடு கீறிய விரல் நுனிகளைத் திரை அடையாளம் காணவில்லை, சுண்டுவிரலால் எழுதினார். பத்து வாரம் சென்றது. நூல் எண்ணுக்குத் தானே விண்ணப்பித்தார். வெளியீட்டாளர் என்ற இடத்தில் தன் பெயரும் கீரி விலாசமும். உரிமை என்ற இடத்திலும் அதே பெயர். எண் வந்தது. எந்தச் சங்கத்தின் கடிதத்தையும் யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் மறுபடி கொலின்ஸிடம் போனார். "சீட்டை என்ர பேரில எழுதுங்கோ." கொலின்ஸ் தலையைச் சொறிந்தார். வட்டத்தின் வேலைகள் கையை விட்டுப் போகும் என்று முணுமுணுத்தார். எழுதினார். நாலு பக்கம் முகப்பு, இரண்டு பக்கம் என்னுரை, எழுபது பக்கம் கதை. மொத்தம் எழுபத்தாறு, அதே ஐந்து பாரம், மிச்சம் நாலு பக்கம் வெறுமை. அந்த நாலு பக்கத்துக்கும் ஏதாவது வாழ்த்து வாங்கலாமே என்று கொலின்ஸ் பகிடியாகக் கேட்டார். ஜெனிஸ்ரா சிரிக்கவில்லை.

அச்சுக்குப் போகும் முன் கடைசிக் கதையின் படியை வின்சன்டிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். றோசம்மாவின் வயது வந்த இடத்தில் அவர் நிறுத்தினார். "வயசு முப்பத்தொண்டு இல்லை. முப்பது. கார்த்திகையிலதான் முப்பத்தொண்டு வரும்." இருபது மாதம் வட்டத்தின் கையில் கிடந்தபோது ஒருவரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. திருத்தினோம்.

செபஸ்தியாம்பிள்ளை அந்தப் பதினொரு வாழ்த்துரைகளையும் வீணாக்கவில்லை. டிசம்பரில் வட்டம் வேறொருவரின் கவிதைப் புத்தகத்தை வெளியிட்டது. பதினொன்றில் ஒன்பது அதில் இருக்கின்றன. வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை. நாலாவது கொப்பி இன்றுவரை திரும்பவில்லை.

ஜெனிஸ்ராவின் புத்தகம் 2024 மார்ச் 9ஆம் திகதி, சனிக்கிழமை, அச்சகத்திலிருந்து வந்தது. இருநூறு பிரதி. மேடையில்லை, பொன்னாடையில்லை. வின்சன்ட் ஐந்து பிரதி எடுத்தார். ஒன்று, இன்னும் தமிழ்நாட்டு முகாமில் இருக்கும் றோசம்மாவின் தங்கைக்கு. திங்கட்கிழமை தபால் கந்தோரில் வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். உள்ளே இருந்தவர் பொதியைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது?"

"புத்தகம்."

"ஆற்ற புத்தகம்?"

வின்சன்ட் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"என்ர மனுசியின்ர."