கயிறு பிடித்த வீடு

பிள்ளைகளே, நம் வீட்டுக் குசினிக்குள் சுறா ஏறாது. பக்கத்து வீட்டில் சுறாப்புட்டு மணக்கும்போது நீங்கள் மூக்கை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால், "நேர்ச்சை" என்று உங்கள் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அந்த நேர்ச்சையால் எங்கள் கல்யாணமே நின்றுபோக இருந்தது. அதை இப்போது எழுதி வைக்கிறேன்.

முதலில் என் அத்தையைச் சொல்ல வேண்டும். என் அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் நான் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார்கள். அத்தை கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னை வளர்த்தாள். என்னை மட்டுமா? எங்கள் தெருவையே அவள்தான் வளர்த்தாள். யார் வீட்டில் சண்டை என்றாலும் அவள் போய் வாசலில் நின்றால் குரல் இறங்கிவிடும். தெருவுக்கே அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த ஆண்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு மில்லில் வேலை. சுற்றுகிற நூலைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பகுதி. சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் பெண்கள் வெளியே வருவார்கள். தலைமுடி, புருவம், சேலை எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தூரத்தில் உப்பளத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். அந்த வெயிலில் பஞ்சு எது, உப்பு எது, மேகம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஊரே கனவில் இருப்பதுபோல இருக்கும். அதற்குள்ளிருந்து அத்தை நடந்து வருவாள். வந்ததும் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, தின்னியா?" என்பாள். கனவு கலைந்துவிடும்.

"இவ்வளவு சத்தத்துல நூல் அறுந்தது எப்படித்தே தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு பார்க்கதுக்கு முந்தி கை சொல்லிரும்லே" என்றாள்.

எங்கள் தாத்தாவும் பாட்டியும் எந்தக் கடற்கரை ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தார்கள் என்று அத்தைக்கே சரியாகத் தெரியாது. ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் வடக்கே இருந்து வந்தார்கள், அவ்வளவுதான். அவள் தகப்பனார் அவளுக்கு விட்டுப்போனது ஒரு கதை, ஒரு நேர்ச்சை. வேறு சொத்து இல்லை. தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பிக்க முடியாது.

அவள் தாத்தா முத்துக்குளிப்புக்குப் போன கதை அது. அத்தை சொல்வது இப்படித்தான் இருக்கும்:

"கடல் எண்ணெய் மாதிரி கிடந்துச்சாம். காத்தே இல்ல. அப்பம் தோணிக்கு அடியில ஒரு நிழல் வந்துச்சு. மேகம் போல மெதுவா வந்துச்சு. மேல பார்த்தா மேகமே கிடையாது. சுறா! கயிறு கையில நடுங்குது. இழுத்தா சுறா கண்ணுல பட்டுரும். இழுக்காட்டா மூச்சு நின்னுரும். கை ரெண்டும் தீயில வச்ச மாதிரி எரியுது. தோணியில ஒருத்தரும் வாய் திறக்கல. 'மாதாவே, இந்த நிழல் கடந்து போகட்டும். எங்க வம்சம் இனிமே சுறாவத் தொடாது'ன்னு நேர்ந்துகிட்டாக. நிழல் போயிட்டு. தாத்தா உசுரோட மேல வந்தாக. அந்தக் கயித்துல ஒரு துண்டை வெட்டி மாதா கோயில் குருசுல கட்டுனாக."

சொல்லி முடித்ததும் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். "நாம முத்துக்குளிச்ச ஆளு வழி, பாத்துக்கிடு. கரையில நின்னு வேடிக்கை பார்த்த கூட்டமில்ல." வாடகை வீட்டில், அலுமினியப் பாத்திரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டு இதைச் சொல்வாள். சொல்கிறபோது ஒரு ராணிபோல இருப்பாள்.

புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் எனக்கும் மில்லில் வேலை கிடைத்தது. அத்தையோடு வேலை பார்த்த ஒரு பெண் தருவைகுளத்துக்காரி. அவள் சொல்லி உங்கள் அம்மாவைப் பார்க்கப் போனோம். உங்கள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிமிரவே இல்லை. அவள் பின்னால் சன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. திரும்பி வந்த பிறகு முகத்தை நினைத்துப் பார்த்தால் முகம் வரவில்லை, கடல்தான் வந்தது. பிறகு மில்லில் எந்திரத்தின் முன் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக முகமும் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். எங்களுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மதியம் தருவைகுளத்தில் பெண் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு.

அத்தை வாங்குப் பலகையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். "நான் முன்னாலயே சொல்லிருதேன், வருத்தப்படக் கூடாது. எங்க வீட்டுல சுறா ஏறாது. பாத்திரத்துல பட்டிருந்தாலும் சாப்பிட மாட்டோம்."

உங்கள் அம்மாவின் அம்மா சிரித்தார்கள். "நல்லாப் போச்சு! இந்த வீட்டுலயும் ஏறாதுல்லா. எங்க வீட்டுக்காரக வழியில நேர்ச்சை. இவளைப் பெத்தப்ப பால் ஊறுததுக்குப் பால்சுறா கூட எனக்குத் தரல. எங்க அம்மை அழுதுட்டே போனா."

அத்தையின் முகம் மாறியது. "என்ன நேர்ச்சை?"

அதற்குள் உங்கள் அம்மாவின் சித்தப்பா பந்தியிலிருந்து கத்தினார். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேர்ச்சையா? அப்ப ஒரே தாத்தாவால்லா இருக்கணும். மாப்பிள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கச்சில்லா ஆயிருவாக!"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே சிரிக்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அன்றுதான் முதல்முறையாக அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என் மாமனார் சங்கு குளிக்கிறவர். காது சற்று மந்தம். கடலுக்குள் போய் வருகிறவர்களுக்கு அப்படி ஆகிவிடும். எப்போதும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார். அத்தை கேட்டதும் தன் வீட்டுக் கதையைச் சொன்னார்.

"எங்க தாத்தா குளிக்கப் போனாக. கீழ போயி சிப்பி அள்ளிட்டு இருக்கும்போது வெளிச்சம் குறைஞ்சிட்டாம். நிமிர்ந்து பார்த்தா தோணியோட அடி ஒரு இலை மாதிரி தெரியுது. அந்த இலைக்கும் இவுகளுக்கும் நடுவுல ஒரு வெள்ளை வயிறு. முடியவே இல்லயாம், போய்க்கிட்டே இருக்கு. அவுக மணலோட மணலா படுத்துட்டாக. காதுக்குள்ள கோயில் மணி அடிக்கு. சிப்பி எல்லாம் திறந்த வாய மூடாம கிடக்கு. அவுகளும் மாதாவுக்கு நேர்ந்துகிட்டாக. மேல கயிறு பிடிச்சிருந்தது அவுக மச்சான். மேல வந்தபிறகு ரெண்டு பேருமா கயித்த வெட்டி மாதா கோயில் குருசுல கட்டுனாக."

வெட்டிய கயிறு, குருசு, மாதா, எல்லாம் ஒன்றுதான். ஒரே நாள், ஒரே தோணி.

"குளிச்சது எங்க தாத்தா" என்றாள் அத்தை.

"எங்க தாத்தால்லா" என்றார் மாமனார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அப்பம் நாம ஒரே ஆளு வழி அக்கா. பங்காளி."

அக்கா. தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. ஆனால் அன்று அந்தச் சொல் கதவைச் சாத்துவதுபோல இருந்தது. அவருக்கு அத்தை அக்கா என்றால், என் அப்பாவும் அவரும் அண்ணன் தம்பி. நானும் உங்கள் அம்மாவும் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

சாப்பாட்டை யாரும் சரியாகத் தொடவில்லை. எல்லோரும் எழுந்து சாமியாரிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கோயில் புத்தகத்துல ஞானஸ்நானம் இருக்கும், கல்யாணம் இருக்கும். யார் கடலுக்குள்ள இறங்கினாங்க, யார் மேல நின்னாங்கன்னு இருக்காது. அதுலயும் உங்க ஆளுங்க எந்த ஊர்க் கோயில் பங்குன்னே உங்களுக்குத் தெரியல. ஒரே ஆள் வழின்னா உறவு ரொம்ப நெருக்கமா வருது. மூணாவது ஓலைக்கு முன்னால ரெண்டு வீடும் ஒரே பேச்சா வந்து சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. பஸ் தண்ணீருக்கு அடியில் போவதுபோல எனக்குத் தோன்றியது. அத்தை சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் வம்சத்தில் கைவைத்து நான் என்ன கேட்பது?

அந்த வாரம் முழுவதும் வீடு அப்படியே இருந்தது. அத்தை வேலைக்குப் போனாள், வந்தாள், ஜெபமாலை சொன்னாள். நடுவில் நிறுத்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டுப் பெண் வந்து, "என்னக்கா, ஓலையில ஏதோ சிக்கலாமே?" என்று வாயைக் கிளறினாள். "உன் அடுப்புல பால் பொங்குது, போளா" என்று அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மில் வாசலில் அத்தைக்காகக் காத்து நின்றேன். பஞ்சோடு வந்தாள். வழக்கம்போல முகத்தைத் துடைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் என்முன் விரித்துக் காட்டினாள். நூல் ஓடி ஓடி விழுந்த கோடுகள்.

"ஏலே, நான் சொல்லுத கதைய எத்தன தடவ கேட்டிருப்ப?"

"கணக்கே இல்லத்தே."

"அதுல தண்ணிக்குள்ள நடந்தது ஒரு வார்த்தை உண்டா?"

எனக்குப் புரியவில்லை.

"நிழல் தோணிக்கு அடியில வந்துச்சு. கயிறு கையில நடுங்குச்சு. கை எரிஞ்சுச்சு. மேல மேகம் இல்ல. எல்லாம் மேல நின்னவன் பார்த்ததுலே. பொண்ணு அப்பா வயித்தப் பார்த்தாகங்காரு, மணல்ல படுத்தாகங்காரு, காதுல மணி அடிச்சிச்சுங்காரு. அவரு கதையில கயிறு நடுங்கவே இல்ல. எப்படி நடுங்கும்? அது கீழ கிடக்கவனுக்குத் தெரியாதுல்லா."

மில் சங்கு எப்போதோ ஊதி ஓய்ந்திருந்தது. பெண்கள் எங்களைச் சுற்றி ஆற்றுத் தண்ணீர்போலப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்க அப்பா சின்ன வயசுல கேட்டத எனக்குச் சொன்னாக. யாரு இறங்குனா, யாரு நின்னான்னு நடுவுல மாறிப்போச்சு. நானும் கேட்கல. குளிச்ச ஆளு வழின்னு சொல்ல எனக்கு ருசியா இருந்துச்சு" என்றாள். கையை மடக்கிக்கொண்டு, "மச்சான்லே. நாம மச்சான் வீடு" என்றாள்.

பிள்ளைகளே, நம் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் தன் கயிற்றை அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பான். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவனுக்கும் மனம் வராது என்பது கணக்கு. குளித்தவன் அவர்கள் வீட்டு ஆள், கயிறு பிடித்தவன் எங்கள் வீட்டு ஆள் என்றால் நாங்கள் பங்காளி இல்லை. பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும். தலைமுறையும் தள்ளிப் போய்விடுகிறது.

எனக்கு ஓடிப்போய் தருவைகுளத்தில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்தால் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது. அவளிடம் இருந்த ஒரே சொத்தையல்லவா அவள் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

மறுநாள் அவளே போனாள். நான் கூடப் போனேன். மாமனார் கடலிலிருந்து அப்போதுதான் வந்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றார். அத்தை வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்றபடியே, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். தெருவுக்கும் கேட்டது.

"குளிச்சது உங்க ஆளு. எங்க தாத்தா மேல நின்னு கயிறு பிடிச்சவரு."

"அன்னைக்கு அப்படிச் சொல்லலியே அக்கா" என்றார் மாமனார்.

"அன்னைக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரியும். உங்க தாத்தாவுக்குக் கயிறு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? சொல்லுங்க பார்ப்போம்."

"கயிறா? அது மேல நிக்கவனுக்குல்லா தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை. கையை விரித்துக் காட்டினாள்.

அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடலுக்குள் இறங்குகிறவருக்கு மேலே நிற்கிற கை எப்படிப்பட்டது என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? அவருடைய கயிற்றையும் மனைவியின் தம்பிதான் பிடிக்கிறான். அவர் கண் கலங்கியது. உப்புத் தண்ணீரோ என்னவோ.

பிறகு அவர் உள்ளே திரும்பிச் சத்தம் கொடுத்தார். "ஏளா, மைனி வந்திருக்காக. வாங்கை எடுத்துப் போடு."

மைனி. மச்சானின் அக்கா. அத்தையை அப்படிக் கூப்பிட உலகத்தில் அதுவரை ஒருத்தரும் இருந்ததில்லை. அவள் முகத்தைத் திருப்பி, கடலைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள். உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அது யாருடைய வளையல் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வாள்.

மறுநாள் காலை இரண்டு வீடும் ஒரே பேச்சாகச் சாமியாரிடம் சொன்னோம். மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது கோயிலுக்குள் புறாக்கள் சிறகடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது.

உங்களில் மூத்தவள் பிறந்தபோது எதிர்வீட்டுப் பெண் ஆசையாகப் பால்சுறா வாங்கி வந்தாள். அத்தை அவளை வாசலிலேயே நிறுத்திக் கதையைத் தொடங்கினாள். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. நிழல் வந்தது. கயிறு நடுங்கியது. முடிவில் உசுரோடு மேலே வந்தவர் மட்டும் தாத்தா இல்லை, தாத்தாவின் மச்சான். மற்றபடி ஒரு வார்த்தை மாறவில்லை.

"உங்க தாத்தா குளிச்சாகன்னுல்லா முன்னால சொன்னீக?" என்றாள் அவள்.

அத்தை முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"குளிக்கதுக்கு மூச்சு இருந்தாப் போதும்ளா. கயிறு பிடிக்கதுக்கு ஒருத்தன் உன்னை நம்பணும்."