எண்ணெய் பட்ட குவைத் பர்தா

நைலோன் துணி தலையில் இருந்து கழன்று வரும்போது ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த வெங்காயச் சருகை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வருமே, அப்படி ஒரு சின்னச் சடசடப்பு. நான் அதை முதன்முதலில் கேட்டது புத்தளத்துப் பக்கக் கடலோர ஊரான எத்தாளையில் எங்கள் பாடசாலையில், பெண்பிள்ளைகள் முகம் கழுவிப் பர்தாவைச் சரிசெய்துகொள்ளும் சின்ன அறையில், பத்தாம் தரத்தில் படிக்கும்போது. நஸீஹா தன்னுடைய வெள்ளைப் பர்தாவைக் கழற்றினாள், சடசடவென்றது, அவளுடைய மெல்லிய முடிகள் எழும்பித் துணியின் பின்னாலேயே போயின. சுற்றி நின்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆறாம் தரத்தில் இருந்து எங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளை நான்தான். நாங்கள் ஒன்பதாம் தரத்தில் இருக்கும்போது நஸீஹாவின் உம்மா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனார். வாப்பாவோ பாதி நாள் கடலில் கிடப்பவர். ஆகவே குறிஞ்சிப்பிட்டியில் இருந்து அவளைக் கூட்டிவந்து, எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அவளுடைய மாமியிடம் விட்டார்கள். வந்த முதல் தவணைப் பரீட்சையிலேயே நாலே நாலு புள்ளியால் என்னை இரண்டாம் பிள்ளையாக்கிவிட்டாள். அந்த நாலு புள்ளியை நான் நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

அவளுக்கு எல்லாமே குவைத்தில் இருந்து வந்தது. ஷாம்பூ, வெள்ளித்தாள் சுற்றிய சொக்லட், கண்ணாடி மாதிரி வழுவழுக்கும் அந்த நைலோன் பர்தா. எனக்கு எல்லாமே உம்மாவின் கையில் இருந்து வந்தது. பர்தா உம்மா தைத்த பருத்தித் துணி. தலைக்கு, எங்கள் தோட்டத்துத் தேங்காயிலேயே எடுத்து, வெந்தயம், கருஞ்சீரகம், கறிவேப்பிலை, இன்னும் ஏதோ ஒன்று போட்டு உம்மா காய்ச்சும் எண்ணெய். காலையில் என்னைப் பிடித்து முன்னால் இருத்தி, நெற்றியில் வழியும் வரைக்கும் தேய்ப்பார். பர்தாவின் ஓரம் எப்போதும் மஞ்சள் பிடித்திருக்கும். பையன்கள் என்னை "எண்ணெய்ச்சட்டி" என்றார்கள். உம்மாவிடம் போய்ச் சொன்னால், "எண்ணெ காணாத தலக்கி படிப்பு ஏறாது புள்ள" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்.

அந்த வருடம்தான் விஞ்ஞானத்தில் அணுவும் மின்னேற்றமும் வந்தன. சிலாபத்துப் பக்கம் இருந்து பஸ்ஸில் வரும் எங்கள் விஞ்ஞான சேர் மெலிந்த மனிதர், சோக்கட்டியைக் கடைசித் துண்டு வரை தேய்ப்பவர். நடுவில் கருவை வரைந்து, சுற்றிவர இலத்திரன்களைப் புள்ளி புள்ளியாக வைத்து, "இரண்டு பொருளை உரஞ்சினா இலத்திரன் புதுசா உண்டாகிறதில்ல, இடம் மாறுது, அவ்வளவுதான். ஒண்டுக்குக் கூடினா மற்றதுக்குக் குறையும்" என்றார். மற்றப் பிள்ளைகள் அதைப் பாடமாக எழுதிக்கொண்டார்கள். நான் அதை உலக நியதியாகவே எடுத்துக்கொண்டேன். நஸீஹாவுக்குக் கூடினது என்னிடம் இருந்து போனதுதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அடுத்த பாடத்தில், கோடு போடும் பிளாஸ்டிக் அடிமட்டத்தைத் தலைமுடியிலோ துணியிலோ தேய்த்துக் கடதாசித் துண்டுகளைத் தூக்கச் சொன்னார். நஸீஹா பர்தாவின் நுனியில் நாலு தரம் தேய்த்ததும் துண்டுகள் துள்ளி ஒட்டின. நான் கை வலிக்கத் தேய்த்தேன்; ஒரு துண்டும் அசையவில்லை. போதாக்குறைக்கு ஒன்று எண்ணெயில் நனைந்து மேசையோடு ஒட்டிக்கொண்டது. சேர் என் அடிமட்டத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எண்ணெ பட்ட இடத்தில ஏற்றம் வராது பிள்ள. கடல்காத்து ஈரம் வேற" என்றார். வகுப்பே சிரித்தது. மின்புலம் என்றால், ஏற்றம் பெற்ற ஒரு பொருளைச் சுற்றி, அது தொடாமலேயே அதன் விசை உணரப்படும் வெளி என்று அன்றைக்குப் படித்தோம். நஸீஹா இரண்டு மேசை தள்ளி இருந்தாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்ப் புத்தகப் பையை எறிந்துவிட்டு, இனி எண்ணெய் வேண்டாம் என்று உம்மாவோடு சண்டை பிடித்தேன். கதையில் நஸீஹாவின் பெயர் வந்ததும் உம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நெருப்பு விறகத் தின்டுற மாதிரி பொறாம நன்மயத் தின்டுரும், மகள்" என்றார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

இந்த நிலையில்தான் புத்தளத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தல் வந்தது. பாடசாலைக்கு ஒரு பிள்ளை. ஒரு பொருளில் ஏற்றம் உண்டா என்று காட்டும் பொன்னிலை மின்காட்டியைத் தானே செய்து, வேலை செய்ய வைத்து, விளக்கமும் சொல்பவர் போகலாம் என்றார் சேர். பொன்னுக்கு நாங்கள் எங்கே போவது? ஜாம் போத்தல், மூடியில் ஒரு ஓட்டை, அதற்குள் செம்புக் கம்பி, கம்பியின் நுனியில் இரண்டு வெள்ளித்தாள் கீற்றுகள். ஏற்றம் பெற்ற அடிமட்டத்தைக் கம்பியின் தலைக்குக் கிட்டக் கொண்டுபோனால் இரண்டு கீற்றும் ஒன்றையொன்று தள்ளி விரிய வேண்டும். நஸீஹாவின் கீற்றுகள் குவைத் சொக்லட்டில் இருந்து வந்தவை, மூச்சு விட்டாலே ஆடும். என்னுடையவை கடைவாசலில் பொறுக்கிய சிகரட் பெட்டியின் தாள். புத்தளத்துக்குப் போனால் நான் மீண்டும் முதலாம் பிள்ளை. போகாவிட்டால் இனி எப்போதும் இரண்டாம் பிள்ளைதான் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

சேர் பார்த்துத் தெரிவுசெய்யும் நாள் ஒரு வியாழக்கிழமை. இடைவேளையில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நஸீஹாவின் மேசையில் அவளுடைய போத்தலும், தேய்ப்பதற்கென்றே தனியாக மடித்துக் கொண்டுவந்த இன்னொரு நைலோன் பர்தாவும் இருந்தன. நான் அதை எடுத்தேன். என் பர்தாவுக்குள் இரண்டு கையையும் விட்டு, காலையில் உம்மா தேய்த்த எண்ணெயை வழித்து எடுத்து, அந்தத் துணியின் மடிப்பு மடிப்பாகப் பூசினேன். பிறகு முன்பு இருந்தது போலவே மடித்து வைத்தேன். ஓரம்கூடப் பிசகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நஸீஹா தேய்த்தாள். கீற்றுகள் அசையவில்லை. மறுபடி தேய்த்தாள், வேர்க்க வேர்க்கத் தேய்த்தாள். ஒரு முறை துணியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனவள், அப்படியே நிறுத்திவிட்டு என் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "இண்டைக்கு வருதில்ல சேர்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். என்னுடைய கீற்றுகளும்தான் விரியவில்லை. ஆனால் ஏற்றம், தூண்டல், புலம் என்று வரி பிசகாமல் ஒப்புவித்தேன். சேர் இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்கம் சொல்பவளாவது போகட்டும் என்று என் பெயரை எழுதினார்.

கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் இருந்து நஸீஹா கூப்பிட்டாள். கையில் அந்தப் பர்தா.

"இந்தா, இதக் கொண்டு போ. ஒன்ட பருத்தித் துணியால ஒண்டும் நடக்காது."

நான் கையை நீட்டவில்லை.

"கழுவித்தான் இருக்கு. ரெண்டு தரம் சோப் போட்டன்."

"ஏன் கழுவின?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"ஒங்கட உம்மாட எண்ணெ வாசம் எனக்குத் தெரியாதா? காலம காலம இந்த வேலியத் தாண்டித்தானே வருது" என்றாள். கிடுகில் ஒரு ஓலையைப் பிய்த்தாள். "உடன கழுவல்ல. ரெண்டு நாள் தலகாணில விரிச்சிப் போட்டு அதுலதான் படுத்தன். வாசம் போன பொறகுதான் கழுவினன்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன செய்வது? அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் வந்தது இன்னும் கொஞ்சம் பொறாமை: இதிலும் இவள்தானா முதலாம் பிள்ளை! மன்னிப்புக் கேட்கவில்லை. துணியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

புத்தளத்தில் என் சிகரட் தாள் கீற்றுகள்கூட அந்தத் துணிக்கு விரிந்தன. மூன்றாம் இடமும் ஒரு சான்றிதழும் கிடைத்தன. எல்லாம் நீயே செய்ததா என்று நடுவர்கள் கேட்டார்கள், ஓம் என்றேன்.

அடுத்த வருடம் நஸீஹாவின் உம்மா குவைத்தில் இருந்து வந்துவிட்டார். வந்த மறுநாள் நஸீஹா நெற்றியில் எண்ணெய் வழிய வகுப்புக்கு வந்தாள். பர்தாவைக் கழற்றும்போது சடசடப்புக் கேட்கவில்லை. பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இப்போது நான் மாம்புரியில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். விஞ்ஞானம் எனக்குச் சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துபோனது. நஸீஹா விஞ்ஞான ஆசிரியை, அதுவும் என் மகள் படிக்கும் பாடசாலையில். மகள் வீட்டுக்கு வந்தால் "டீச்சர் சொன்ன, டீச்சர் சொன்ன" என்று ஒரே புராணம்தான். போன கிழமை அணுவும் மின்னேற்றமும் தொடங்கினார்களாம். வந்து பையை வைக்க முன்னமே சொன்னாள்:

"உம்மா, டீச்சர் படிக்கக்குள்ள ஒரு புள்ள டீச்சர்ட துணில எண்ணெ பூசிட்டாவாம். பேர் சொல்லல்ல. அந்தப் புள்ளட உம்மா ரம்பை எல போட்டு எண்ணெ காய்ச்சுவாவாம். அப்பிடி ஒரு வாசம் பொறகு எங்கயும் இல்லயாம்."

கையில் இருந்த ஊசியை மேசையில் வைத்துவிட்டேன். உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய் நாலு வருடமாகிறது. எத்தாளை வீட்டில் கிடுகு வேலி இருந்த இடத்தில் இப்போது மதில். வெந்தயம், கருஞ்சீரகம், கறிவேப்பிலை என்று எத்தனையோ தரம் காய்ச்சிப் பார்த்துவிட்டேன், அந்த வாசம் வரவே இல்லை. விட்டுப்போனது, கறிக்கு வாசத்துக்குப் போடும் அந்த நீட்டு ரம்பை இலை. பத்துப் பதினைந்து வருடம் அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு, எப்போது தப்பி ஓடலாம் என்று இருந்த எனக்குத் தெரியாதது, வேலிக்கு அப்பால் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் கிணற்றடியிலேயே ரம்பை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சினேன். அந்த வாசம் வந்தது. அடுப்படியில் தனியாக நின்று அழுதேன். திங்கட்கிழமை காலையில் ஒரு போத்தலில் ஊற்றி, டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி மகளின் பையில் வைத்தேன்.

"ஆர் தந்ததெண்டு சொல்ற?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்ல வாணாம். மூடியத் துறந்தா அவவுக்கே தெரியும்."

மகள் சந்தி திரும்பும் வரை வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தலில் பாதி மட்டும் ஊற்றியிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. பழைய குணம், சட்டென்று போகுமா?